ஊர்த் தொட்டித் தண்ணீர் யாருடையது? கிராமக் குடிநீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. பெரும்பாலான ஊர்களில் குடிநீர் ஏற்பாடு ஒரே மாதிரிதான்: ஓர் ஆழ்துளைக் கிணறு, ஒரு மோட்டார் அறை, ஒரு மேல்நிலைத் தொட்டி, தெருக்களில் ஓடும் குழாய்கள். இந்தச் சிறிய ஏற்பாட்டைப் பற்றி மக்கள் கேட்கும் கேள்விகளும் ஒரே மாதிரிதான். கிராம சபையிலும் டீக்கடையிலும் குழாயடியிலும் பல ஆண்டுகளாக என் காதில் விழுந்த கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். பதில்களில் சட்டமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது, எங்கள் ஊர் பட்டபாடும் இருக்கிறது.

வீட்டுக்குக் குழாய் இணைப்பு கொடுத்துவிட்டார்கள். இனி தண்ணீர் எங்கள் உரிமைதானே?

உரிமைதான். ஆனால் அந்த உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசியல் சட்டத்தில் 'குடிநீர் உரிமை' என்று தனிப் பிரிவு கிடையாது. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21-வது பிரிவுக்குள் மாசற்ற நீரைப் பெறும் உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் சொன்னது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலையில் தண்ணீரையும் சுகாதாரத்தையும் மனித உரிமையாக ஏற்றது. இவை பெரிய வாசகங்கள். நம் ஊருக்கு உடனே பயன்படுவது இவற்றைவிடச் சிறிய ஒரு வாசகம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 110-வது பிரிவு கிராம ஊராட்சியின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. கிணறு வெட்டுவது, பழுது பார்ப்பது, குளங்களைப் பராமரிப்பது, குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் தண்ணீர் வழங்கும் ஏற்பாடுகளை அமைத்துப் பேணுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன. ஊராட்சி மனம் வைத்தால் செய்யும் உதவி என்று யாராவது சொன்னால், இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள்.

இத்தனை இருந்தும் ஒரு குறை இருக்கிறது. குழாய் உங்களுடையது, அந்தக் குழாய்க்குத் தண்ணீர் தரும் கிணற்றின் அடியில் இருக்கும் நீர் யாருடையது என்பதில் நம் சட்டம் இன்னும் 1882-இலேயே நிற்கிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஆளுக்கு 55 லிட்டர் என்கிறார்களே, அது எங்கள் ஊருக்கு எவ்வளவு?

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. 2024-க்குள் எல்லா வீட்டுக்கும் குழாய் என்ற இலக்கு இப்போது 2028 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.

500 பேர் உள்ள ஒரு குக்கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 27,500 லிட்டர் வேண்டும். 30,000 லிட்டர் தொட்டி இருந்தால் ஒருமுறை நிரப்பினால் போதும் என்று தோன்றும். குழாய்க் கசிவில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்று வையுங்கள். அப்போது 34,000 லிட்டருக்கு மேல் ஏற்றியாக வேண்டும். கிணறு நிமிடத்துக்கு 60 லிட்டர் கொடுத்தால் மோட்டார் ஒன்பதரை மணி நேரம் ஓட வேண்டும். சித்திரையில் அதே கிணறு நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு இறங்கிவிட்டால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அத்தனை நேரம் மும்முனை மின்சாரம் கிடைக்காத ஊரில் தொட்டி நிரம்பாது. 'தொட்டி கட்டி என்ன பயன், தண்ணீர் வரவில்லையே' என்று நாம் பேசுவதற்கெல்லாம் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. இதைப் போட ஒரு 200 லிட்டர் டிரம்மும் கடிகாரமும் போதும். மோட்டார் தண்ணீர் விடும் இடத்தில் டிரம்மை வையுங்கள். 3 நிமிடம் 20 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 60 லிட்டர். ஐந்து நிமிடம் ஆனால் 40 லிட்டர். மாதம் ஒருமுறை செய்து சுவரில் எழுதிவையுங்கள். கிணறு வற்றப்போவதை மாசியிலேயே அந்தச் சுவர் சொல்லிவிடும்.

55 லிட்டரில் ஆடு மாடுகளுக்கான தண்ணீர் சேரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நான்கு மாடு வைத்திருக்கும் வீட்டில் மாட்டுத் தொட்டிக்கும் இந்தக் குழாய் நீரே போகும். திட்டம் போடுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஊர் போர்வெல் ஒருவருடைய பட்டா நிலத்தில் இருக்கிறது. இருபது ஆண்டுகளாகத் தண்ணீர் எடுக்கிறோம். இனி அவர் மறுக்க முடியுமா?

முடியும். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது, ஏனென்றால் எங்கள் ஊர் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தது.

எங்கள் கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர் கொடுத்த போர்வெல், ஒரு பெரியவரின் தோட்டத்து வரப்போரம் போடப்பட்டது. ஊருக்கு வேண்டும் என்று கேட்டதும் அவர் மறுபேச்சு பேசவில்லை. "எடுத்துக்கோங்க" என்ற ஒற்றைச் சொல்தான் பத்திரம். அவர் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. அவர் மறைந்தார், பிள்ளைகள் பாகம் பிரித்தார்கள், ஒரு பாகம் வெளியூர்க்காரருக்கு விற்பனையானது. வாங்கியவர் வேலி போட்டார். மோட்டார் அறை வேலிக்குள் போனது. பதினோரு நாள் அறை பூட்டிக் கிடந்தது. அந்தப் பதினோரு நாளும் எங்கள் தெருப் பெண்கள் அடுத்த ஊர் அடிபம்புக்கு நடந்தார்கள். அலுவலகங்களுக்கு அலைந்தோம். எல்லா இடத்திலும் கேட்டது ஒரே கேள்வி: 'எழுத்து இருக்கிறதா?' இல்லை. கடைசியில் புறம்போக்கில் வேறு போர் போட்டோம். அதில் பாதித் தண்ணீர்தான் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, பிறர் நிலத்தில் வெளிப்படையாகவும் தடையில்லாமலும் 20 ஆண்டுகள் ஒரு வசதியை உரிமையாகவே அனுபவித்தால், அது நிலைத்த உரிமையாகிவிடும். வண்டிப் பாதைக்கும் வாய்க்காலுக்கும் இது பொருந்தும். ஆனால் அதே சட்டத்தின் 17-வது பிரிவு சிலவற்றுக்கு விலக்கு வைக்கிறது. வரையறுக்கப்பட்ட கால்வாயில் ஓடாத நிலத்தடி நீர் மீது அனுபவத்தால் உரிமை வராது என்பது அதில் ஒன்று. ஐம்பது ஆண்டு எடுத்தாலும் வராது. மோட்டார் அறைக்குப் போகும் பாதைக்கு உரிமை கேட்கலாம். பாறைக்கு அடியில் இருக்கும் தண்ணீருக்குக் கேட்க முடியாது.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊர் போர்வெல்கள் ஒவ்வொன்றும் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். பட்டா நிலமாக இருந்தால், கிணறும் மோட்டார் அறையும் நிற்கும் இரண்டு மூன்று சென்ட் இடத்தையும், அங்கே போகும் பாதையையும், குழாய் போகும் வழியையும் ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். அசையாச் சொத்தை வாய்வார்த்தையால் தானம் செய்தால் செல்லாது. பதிவு செய்தே தீர வேண்டும். ஊராட்சி அதை ஏற்றதாகத் தீர்மானமும் வேண்டும். பிறகு உட்பிரிவு செய்து வருவாய்க் கணக்கில் பெயரை மாற்றுங்கள். நிலம் கொடுத்தவர் உயிரோடு, மனமுவந்து இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் பெயர் பத்திரத்தில் இருப்பதைப் பெருமையாகவே நினைப்பார்கள்.

ஊர்க் கிணற்றுக்கு நூறடி தள்ளித் தோட்டக்காரர் ஆயிரம் அடி போர் போட்டுவிட்டார். எங்கள் கிணறு வற்றுகிறது. தடுக்க முடியாதா?

நேரான பதில்: சட்டத்தைக் காட்டித் தடுப்பது கடினம். நான் முன்பு சொன்ன 1882-ஆம் ஆண்டுச் சட்டம், தன் நிலத்தின் அடியில் கால்வாயாக ஓடாமல் இருக்கும் நீரை எடுத்துப் பயன்படுத்துவது நில உரிமையாளரின் உரிமை என்கிறது. ஏற்றத்திலும், மாடு பூட்டி இறைக்கும் கவலையிலும் நீர் இறைத்த காலத்துச் சட்டம் அது. அந்த நாளில் ஒருவர் எவ்வளவு இறைத்தாலும் பக்கத்துக் கிணறு ஒருநாள் இரவில் ஊறிவிடும். ஆயிரம் அடியில் இருந்து இருபத்துநான்கு மணி நேரமும் உறிஞ்சும் நீர்மூழ்கி மோட்டாரை அதை எழுதியவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். அந்தச் சட்டமே இன்றும் நடப்பில் இருப்பது பெரிய அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

மாற்ற முயற்சி நடந்தது. தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் 2003-இல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. கேரளத்தில் பிளாச்சிமடை வழக்கு இந்தச் சிக்கலை நாடறியச் செய்தது. கோக-கோலா ஆலை எடுத்த நிலத்தடி நீரைப் பற்றிய அந்த வழக்கில், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காப்பாளர் என்று உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2003-இல் தீர்ப்பளித்தார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க அனுமதித்தது. ஆக, நீதிமன்றங்களே இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன.

2015-இல் வந்த ஊராட்சி விதிகளின்படி கிணறோ ஆழ்துளைக் கிணறோ தோண்ட ஊராட்சியின் அனுமதி வேண்டும். அந்த விதிகள் குழந்தைகள் குழிக்குள் விழுந்து இறந்த கொடுமைகளுக்குப் பிறகு பாதுகாப்புக்காக வந்தவை. தண்ணீரைப் பங்கிட வந்தவை அல்ல. ஆனாலும் விண்ணப்பம் ஊராட்சிக்கு வரும் அந்த நேரத்தில் 'ஊர்க் கிணற்றுக்கு இவ்வளவு அருகில் வேண்டாம், அந்த மூலையில் போடுங்கள்' என்று பேச ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. போர் வண்டி வந்து நின்ற பிறகு பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தோட்டக்காரரும் நம் ஊர்க்காரர்தான், அவர் வீட்டிலும் நம் தொட்டித் தண்ணீர்தான் வருகிறது. அவரிடம் கேட்க வேண்டியது நிறுத்தச் சொல்லி அல்ல, நேரம் மாற்றச் சொல்லி. ஊர் மோட்டார் விடியற்காலை ஓடும் நான்கு மணி நேரத்தில் அவர் மோட்டாரை நிறுத்தி வைத்தாலே கிணற்றில் மட்டம் ஏறும். டிரம் கணக்கைச் சுவரில் எழுதி வைத்திருந்தால் இந்தப் பேச்சு சண்டையாக மாறாது. அவருடைய மோட்டார் ஓடும்போது எத்தனை நிமிடம், ஓடாதபோது எத்தனை நிமிடம் என்று அவரையே பக்கத்தில் நிற்க வைத்து அளந்து காட்டலாம்.

லாரியில் ஏற்றி விற்பது வேறு கதை. வணிகத்துக்காக நிலத்தடி நீர் எடுக்கத் தமிழ்நாட்டில் மாநில நிலத்தடி நீர்த் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். சான்று இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டுக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். சான்று இல்லையென்றால் மாவட்ட ஆட்சியரிடம் போகலாம். லாரி எண், நாள், நேரம் குறித்த நோட்டுப் புத்தகம் கையில் இருந்தால் உங்கள் புகாருக்கு எடை கூடும்.

போர் வற்றிவிட்டது. இன்னும் ஆழமாகப் போடலாமா?

போடும் முன் நூறுமுறை யோசியுங்கள். தமிழ்நாட்டின் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலம் கடினப் பாறை. அங்கே தண்ணீர் பெரும்பாலும் மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தங்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். ஆயிரம் அடி இறங்கித் தூசி மட்டும் பறந்த போர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கிடைத்தாலும் அது பல ஆண்டுகளாகத் தேங்கிய நீராக இருக்கக்கூடும். பாறையில் நெடுநாள் தங்கிய நீரில் உப்பும் ஃபுளோரைடும் கூடுதலாக இருப்பது வழக்கம்.

அதே பணத்தில் மழைநீரைக் கிணற்றுக்குக் கொண்டுவர முடியுமா என்று முதலில் பாருங்கள். ஊருணியைத் தூர் வாருவது, வரத்து வாய்க்காலைத் திறப்பது, கைவிட்ட பழைய திறந்தவெளிக் கிணற்றைச் சுத்தம் செய்து மேல்சுவர் கட்டி மூடி போடுவது. எங்கள் பக்கத்தில் பலர் குப்பை கொட்டும் பழைய கிணறுகளில் இன்னும் முப்பது அடியில் தண்ணீர் நிற்கிறது. பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள ஏரி கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. யாரிடம் மனு கொடுப்பது என்று தெரியாமலே பல ஊர்களில் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. நீர்வளத் துறை ஏரிகளில் ஆக்கிரமிப்பு இருந்தால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு இருக்கிறது.

கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துவிட்டது. இனி உள்ளூர்க் கிணறு எதற்கு?

கூட்டுத் திட்டத்தை நான் குறைவாகப் பேச மாட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லில் கறையும் எலும்பில் வளைவுமாகத் தலைமுறைகள் துன்பப்பட்டன. அங்கே ஜப்பான் நிதியுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ராமநாதபுரத்து உவர் நிலத்துக்கு 2009 முதல் திருச்சிப் பக்கத்துக் காவிரியில் இருந்து தண்ணீர் போகிறது. இவை உயிர் காத்த திட்டங்கள்.

ஆனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் குழாயில் உடைப்பு எங்கே ஏற்பட்டாலும் கடைக்கோடி ஊர் வறண்டுவிடும். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது ஆற்றுப் படுகை உறைகிணறுகளும் நீரேற்று நிலையங்களும் சேதமடைந்து, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளத்தின் நடுவே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மக்கள் தவித்தார்கள். கூட்டுத் திட்டம் வந்ததும் உள்ளூர் மோட்டாரைக் கழற்றிப் போட்ட ஊர்கள்தான் இப்படிப்பட்ட நாட்களில் அதிகம் அல்லல்படுகின்றன. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும், உள்ளூர்த் தண்ணீரைப் புழங்கவும் வைத்துக்கொண்டால் இரண்டும் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறையாவது உள்ளூர் மோட்டாரை ஓடவிடுங்கள். நெடுநாள் ஓடாத மோட்டார் அவசரத்துக்கு ஓடாது.

தொட்டி நிரம்புகிறது, ஆனால் எங்கள் தெருவுக்கு மட்டும் தண்ணீர் ஏறுவதில்லை. ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம். தெரு மேடாக இருக்கலாம். முன்னால் இருக்கும் வீடுகளில் குழாயோடு நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சலாம். அல்லது வால்வு திறக்கும் நேரம் உங்கள் தெருவுக்குக் குறைவாக இருக்கலாம். முதலாவதற்குத் தனிக் குழாய் அல்லது அந்தத் தெருவுக்கென்று ஒரு சின்டெக்ஸ் தொட்டி வேண்டும். இரண்டாவது, பக்கத்து வீட்டுப் பாத்திரத்தில் இருந்து சோற்றை அள்ளுவதற்குச் சமம். ஊராட்சி அந்த மோட்டாரைக் கைப்பற்றி இணைப்பைத் துண்டிக்க வேண்டும், செல்வாக்குள்ள வீடு என்று பார்க்கக் கூடாது.

மூன்றாவதைப் பற்றி மனம் திறந்து பேச வேண்டும். பல ஊர்களில் குழாயின் கடைசி முனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலனியில் இருக்கும். முதலில் ஊர்த் தெருக்கள், மிச்சம் இருந்தால் காலனி என்று குழாய் போட்ட நாளிலேயே முடிவாகிவிட்டது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தபோது நாடே தலைகுனிந்தது. பட்டியலின மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதும், பொது நீரை எடுக்கவிடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது காவல்துறைக்கான வேலை. ஊராட்சி உடனே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு: ஒவ்வொரு தொட்டிக்கும் பூட்டுள்ள மூடி, ஏணியின் அடியில் கதவு, காலனிக்குத் தனி வால்வு, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு எத்தனை நிமிடம் என்று தொட்டியின் தூணில் பெயின்ட்டில் எழுதிய நேரப்பட்டியல். காலனிக்கு ஒரு நாள் முதல் முறை, ஊர்த் தெருவுக்கு மறுநாள் முதல் முறை என்று மாற்றி விடுவதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

மோட்டார் பழுதானால் பத்து நாள் ஆகிறது. வேறு வழி இல்லையா?

உண்டு: கையில் ஒரு மாற்று மோட்டார். ஒரே குதிரைத்திறன் அளவில் மோட்டார்களை வாங்கிவந்தால் ஒன்றியத்துக்குள் நான்கைந்து ஊராட்சிகள் சேர்ந்து ஒரு மாற்று மோட்டாரை வைத்துக்கொள்ளலாம். குறைந்த மின்னழுத்தத்திலும் தண்ணீர் இல்லாமலும் ஓடித்தான் பெரும்பாலான மோட்டார்கள் கருகுகின்றன. அந்த நேரத்தில் தானே நின்றுவிடும் கருவியை ஸ்டார்ட்டர் பெட்டியோடு பொருத்தலாம். கருகிய மோட்டாருக்குப் புதிதாகக் கம்பிச் சுருள் (காயில்) கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை பெரிதல்ல.

தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, எதற்குப் பரிசோதனை?

ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. இந்தியத் தரநிர்ணயப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. ஃபுளோரைடு கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் மாதிரி கொடுக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டியும் பயிற்சியும் தர வேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று கேளுங்கள்.

கிருமிக்குக் குளோரின். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது பழகிய கணக்கு; 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துத் திறந்துவிட வேண்டும். கட்டி தட்டிப்போன, மணம் இழந்த பழைய பவுடரால் பயனில்லை. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால்தான் வழி முழுக்கப் பாதுகாப்பு. தொட்டியடியில் மட்டும் சோதித்துவிட்டுப் போகிறவர்களைக் கடைசித் தெருவுக்கு அழைத்துப் போங்கள்.

குடிநீருக்குக் கட்டணம் எதற்கு? அரசுதானே தர வேண்டும்?

ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்பதரை மணி நேரம் ஓடினால் நாளுக்கு 35 யூனிட். மாதம் ஆயிரம் யூனிட்டுக்கு மேல். அதன்மேல் பிளீச்சிங் பவுடர், வாஷர், வால்வு, தொட்டி இயக்குபவரின் சம்பளம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வால்வு திறக்கும் அந்த மனிதருக்குப் பல ஊராட்சிகளில் மாதக்கணக்கில் பாக்கி நிற்கிறது. அவர் சலித்துப்போய் விலகினால் எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற முழு அறிவும் அவரோடு போய்விடும்.

பதினைந்தாவது நிதிக்குழு (2021-26) ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காட்டைத் துப்புரவுக்கும் குடிநீருக்கும் என்று கட்டி வைத்தது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புப் பணிகளுக்கு. அந்தப் பணம் எதற்குச் செலவானது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கட்டணம் கட்டி ரசீது வைத்திருப்பவர் அதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்கலாம். ஆனால் முடியாத வீடுகளும் உண்டு. தனியாக இருக்கும் முதியவருக்கும் கூலி கிடைக்காத குடும்பத்துக்கும் இணைப்பைத் துண்டிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்துவிட்டது. யாரிடம் கேட்பது?

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்படிப்பட்ட காலத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். தலைவர் இல்லாவிட்டாலும் 110-வது பிரிவின் கடமை இல்லாமல் போய்விடாது.

கிராம சபையில் தீர்மானத்தை எப்படி எழுதுவது?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கோடை தொடங்கும் முன் வரும் அந்தக் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். 'குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்' என்று எழுதினால் அது பதிவேட்டிலேயே தூங்கும். இடம், அளவு, நாள், பொறுப்பு நான்கும் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"நமது ஊராட்சியின் கிழக்குத் தெரு மேல்நிலைத் தொட்டிக்கு நீர் வழங்கும் ஆழ்துளைக் கிணறு (சர்வே எண் ...) இன்று நிமிடத்துக்கு ... லிட்டர் நீர் தருகிறது. தெருவில் உள்ள ... பேருக்கு ஆளுக்கு 55 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு ... லிட்டர் தேவை. பற்றாக்குறை ... லிட்டர். கிணறு அமைந்துள்ள இடத்தை ஊராட்சி பெயருக்குத் தானமாகப் பெற்றுப் பதிவு செய்யவும், பழைய திறந்தவெளிக் கிணற்றைத் தூர் வாரி இணைக்கவும், வால்வு திறக்கும் நேரப்பட்டியலைத் தொட்டியில் எழுதவும் இச்சபை தீர்மானிக்கிறது. ஊராட்சிச் செயலர் ... தேதிக்குள் நிறைவேற்றி அடுத்த கூட்டத்தில் அறிக்கை வைக்க வேண்டும்."

புள்ளி வைத்த இடங்களைக் கூட்டத்துக்கு முந்தின நாளே அளந்து நிரப்பிக்கொண்டு போங்கள். எங்கள் ஊரில் அந்த எண்களைப் படித்துக் காட்டியது பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். டிரம்மையும் கடிகாரத்தையும் வைத்து அவளே அளந்தவை. அதிகாரிகள் அன்று முதன்முறையாகப் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள்.